அம்மாவின் கைத்தொலைபேசிக்குள் வந்த மோசடி: இனி என்ன செய்வது?

ஈசூன் மகன் கேட்கிறார்:

சென்ற சனிக்கிழமை பிற்பகல் என் தாயாரின் சேமிப்புக் கணக்கிலிருந்து மூன்று தவணையாக 4,860 சிங்கப்பூர் வெள்ளி வெளியேறிவிட்டது. அவருக்கு வயது 67. தமிழ் நன்றாக வாசிப்பார். ஆங்கிலத்தில் பெயர்களும் எண்களும் மட்டும் புரியும். நான் துவாஸில் பகல், இரவு என மாறி மாறி வேலைக்குச் செல்பவன் என்பதால், பெரும்பாலான நேரம் அவர் எங்கள் மூவறை வீட்டில் தனியாகத்தான் இருப்பார்.

தெங்கிரி மீன் கிலோ 9 வெள்ளிக்கு வீட்டு வாசலில் கொண்டுவந்து தரப்படும் என்று சமூக ஊடகத்தில் ஒரு விளம்பரம் வந்திருக்கிறது. ஈரச்சந்தையில் அந்த மீன் என்ன விலைக்கு விற்கிறது என்பது அம்மாவுக்கு அத்துப்படி; அதனால்தான் விளம்பரம் அவர் கண்ணில் பட்டது. வாட்ஸ்அப்பில் விசாரித்தபோது மறுமுனையில் இருந்தவர் தமிழிலேயே, மிகுந்த பணிவோடு பதில் எழுதியிருக்கிறார். அந்த உரையாடலைப் பிறகு நான் வாசித்துப் பார்த்தேன். "அன்பான அம்மையார், உங்கள் கட்டளை பெறப்பட்டது, தயவுசெய்து பயன்பாட்டை நிறுவவும்" என்று இருந்தது. மீன் வாங்க வந்தவரிடம் எந்த மீன்காரர் இப்படிப் பேசுவார்? ஆனால் தமிழில் எழுதியிருக்கிறார்களே என்ற மகிழ்ச்சியில் அம்மாவுக்கு அது உறுத்தவில்லை.

பிறகு ஒரு செயலியை அனுப்பி, அதைப் பதிவிறக்கம் செய்யச் சொல்லி, திரையில் தோன்றிய அனுமதிகள் அனைத்துக்கும் ஒப்புதல் கொடுக்க வைத்து, முன்பணமாக 2 வெள்ளி கட்டச் சொல்லியிருக்கிறார்கள். அதற்காகத் திறந்த பக்கம் அவருடைய வங்கியின் பக்கத்தைப் போலவே இருந்திருக்கிறது. அம்மா மறைச்சொல்லை இட்டவுடன் திரை கறுத்து, ஏதோ புதுப்பிக்கப்படுவதாகக் காட்டியிருக்கிறது, கைத்தொலைபேசி சூடாகியிருக்கிறது. அப்போது மணி சுமார் மூன்று. நான் இரவு ஒன்பது மணிக்கு வீடு திரும்பியபோது தலைவலி என்று சொல்லிப் படுத்துவிட்டார். மறுநாள் காலை எட்டு மணிக்குத்தான் உண்மை தெரிந்தது. கைத்தொலைபேசியைப் பழைய துண்டு ஒன்றில் சுற்றி அலமாரியில் புடவைகளுக்கு நடுவே வைத்திருந்தார். ஏன் என்று கேட்டதற்கு, "அது தானாகவே நகர்ந்துகொண்டிருந்தது, எனக்குப் பயமாக இருந்தது" என்றார்.

வங்கியை அழைத்துக் கணக்கை முடக்கிவிட்டேன். காவல்துறையிலும் புகார் கொடுத்தாகிவிட்டது. அந்தக் கைத்தொலைபேசியை இனிப் பயன்படுத்தலாமா, பணம் திரும்பக் கிடைக்க ஏதேனும் வழி உண்டா என்பவை என் முதல் இரண்டு கேள்விகள். மூன்றாவதாக, கடன் முதலைகள், சூதாட்டத் தளங்கள், வீட்டிலிருந்தே வேலை என்று நாள்தோறும் அவருக்கு வந்து குவியும் செய்திகளை எப்படிக் குறைப்பது? எல்லாவற்றுக்கும் மேலாக, அம்மா இப்போது அழைப்பு மணி கேட்டாலே நடுங்குகிறார். அவரிடம் எப்படிப் பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை.

பழைய வங்கிக்காரி:

வங்கி ஒன்றின் தொலைபேசிச் சேவைப் பிரிவில் ஒன்பது ஆண்டுகள் இருந்தவள் என்பதால் முதலில் அவசரமானதைச் சொல்கிறேன். கைத்தொலைபேசியை இணையத்திலிருந்து துண்டித்து, அலைபேசிச் சேவையும் கிடைக்காதபடி விமானப் பயண நிலையில் வையுங்கள். அதில் உள்ள படங்களைக் காப்பாற்ற வேண்டுமே என்று எதையும் திறக்க வேண்டாம். காவல்துறை விசாரணை அதிகாரி சாதனத்தைப் பார்க்க விரும்புகிறாரா என்று கேட்டுவிட்டு, அவர் தேவையில்லை என்றால், தொழிற்சாலை நிலைக்கு முழுவதுமாக மீட்டமையுங்கள். வெறுமனே அந்தச் செயலியை நீக்கினால் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

அம்மா சொன்ன "தானாகவே நகர்ந்தது" என்பது மிகையன்று. உடற்குறையுள்ளவர்களுக்கு உதவுவதற்காக ஆண்ட்ராய்டில் அமைந்துள்ள அணுகல்தன்மைச் சேவையின் அனுமதி ஒரு செயலிக்குக் கிடைத்துவிட்டால், அதனால் திரையில் இருப்பதை வாசிக்கவும், விரலால் தொடுவதைப் போலவே பொத்தான்களை அழுத்தவும் முடியும். மோசடிக்காரர்கள் கேட்பது இந்த அனுமதியைத்தான். 2024 பிப்ரவரியில் கூகல், வெளியிலிருந்து பதிவிறக்கம் செய்யப்படும் இத்தகைய செயலிகளைத் தானாகத் தடுக்கும் வசதியை உலகிலேயே முதன்முதலாகச் சிங்கப்பூரில்தான் சோதித்துப் பார்த்தது. அதன் பிறகும் இது நடக்கிறது என்றால், பல நேரங்களில் அந்தப் பாதுகாப்பை முதலில் அணைத்துவிடும்படி பேசியே இணங்க வைக்கிறார்கள். உரையாடலை மீண்டும் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். அந்தப் பாதுகாப்பின் பெயரான பிளே புரொடெக்ட் என்ற சொல் அதில் எங்காவது இருக்கலாம். இருந்தால் அந்தப் பகுதியையும் படம் பிடித்து விசாரணை அதிகாரியிடம் கொடுங்கள்.

அடுத்து, வேறொரு நம்பகமான சாதனத்திலிருந்து அரசாங்க இணையச் சேவைகளுக்குள் நுழையப் பயன்படும் சிங்பாஸ் மறைச்சொல்லை மாற்றுங்கள். அம்மாவுக்கு வயது 67 என்பதால் மசேநி எனப்படும் மத்திய சேம நிதியில் உள்ள ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கையும் மறந்துவிடக் கூடாது. 2023ல் இதே வகையான செயலிகள் மூலம் சிலருடைய மசேநி சேமிப்பே எடுக்கப்பட்டது. அதன் பிறகு இணையவழி எடுக்கும் தொகைக்கு நாளொன்றுக்கு 2,000 வெள்ளி என்ற வரம்பு வழக்க நிலையாக வைக்கப்பட்டது. விரும்புவோர் அதைச் சுழியமாக்கிப் பூட்டிவிடவும் முடியும். இன்றே பூட்டுங்கள். அதுபோல, 2023 நவம்பர் முதல் உள்ளூர் வங்கிகளில் பணத்தைப் பூட்டி வைக்கும் வசதி இருக்கிறது. பூட்டிய பணத்தை இணையம் வழியாக யாராலும், கணக்கின் சொந்தக்காரராலும்கூட, மாற்ற முடியாது. மாதச் செலவுக்கு வேண்டியதை மட்டும் வெளியே வைத்துவிட்டு மீதியைப் பூட்டலாம். வாட்ஸ்அப்பில் "இணைக்கப்பட்ட சாதனங்கள்" என்ற பகுதியில் தெரியாத கணினி எதுவும் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் வெளியேற்றிவிட்டு, இரட்டைச் சரிபார்ப்பைப் போட்டுவிடுங்கள்.

பிற்பகல் மூன்று மணிக்கும் மறுநாள் காலை எட்டு மணிக்கும் இடையில் பதினேழு மணி நேரம். நான் வேலையில் இருந்தபோது என்னை மிகவும் வருத்தியது இதுபோன்ற இடைவெளிதான். பணம் முதல் கணக்கிலிருந்து இரண்டாவது, மூன்றாவது கணக்குக்குத் தாவுவதற்குச் சில நிமிடங்களே போதும். ஆனால் அழைப்பவர்களில் பலர் இரவு முழுவதும் தனக்குள்ளேயே குமைந்துவிட்டு, விடிந்த பிறகு, "என் தோழிக்கு இப்படி நடந்துவிட்டது" என்று தொடங்குவார்கள். தோழியின் கணக்கு எண்ணைக் கேட்டால் சிறிது அமைதி, பிறகு அழுகை. அம்மாவைக் கடிந்துகொள்ளாதீர்கள், தம்பி. கடிந்துகொண்டால் அடுத்த முறையும் அந்தத் துண்டும் அலமாரியும்தான்.

பொங்கோல் கணக்கர்:

மேலே எழுதிய அம்மையார் சொன்னவற்றை ஏற்கிறேன். பணம் திரும்புமா என்ற கேள்விக்கு யாரும் நேராகப் பதில் சொல்லாததால் நான் சொல்கிறேன்: பெரிதாக நம்பிக்கை வைக்காதீர்கள்.

2021 டிசம்பரில் ஓசிபிசி வங்கியின் பெயரில் அனுப்பப்பட்ட போலிக் குறுஞ்செய்திகளால் 790 வாடிக்கையாளர்கள் மொத்தம் 13.7 மில்லியன் வெள்ளியை இழந்தபோது, அந்த வங்கி நல்லெண்ண அடிப்படையில் அனைவருக்கும் முழுத் தொகையையும் கொடுத்தது. அதை நினைவில் வைத்துக்கொண்டு, எல்லா மோசடிகளிலும் வங்கி ஈடுகட்டும் என்று இன்றும் பலர் எண்ணுகிறார்கள். 2024 டிசம்பர் 16 முதல் நடப்பில் உள்ள பொறுப்புப் பகிர்வுக் கட்டமைப்பின்படி, வங்கியோ தொலைத்தொடர்பு நிறுவனமோ தனக்கு விதிக்கப்பட்ட கடமையில் தவறியிருந்தால் இழப்பை அது ஏற்க வேண்டும். ஆனால் அது போலி இணையப் பக்கத்தில் மறைச்சொல்லை இட வைத்து ஏமாற்றும் மோசடிகளுக்கானது. தீங்கு செய்யும் செயலி கைத்தொலைபேசிக்குள் புகுந்து செய்யும் மோசடி அதில் அடங்காது. ஏமாற்றப்பட்டவரே தம் கையால் பணத்தை அனுப்பியிருந்தால் அதுவும் அடங்காது. உங்கள் தாயாருக்கு நேர்ந்ததில் போலிப் பக்கமும் இருக்கிறது, செயலியும் இருக்கிறது. எனவே எது எப்போது நடந்தது என்பதை மணி வாரியாக ஒரு தாளில் எழுதி, திரைப்பிடிப்புகளையும் சேர்த்து வங்கிக்கு எழுத்துமூலம் அனுப்புங்கள். வங்கி மறுத்தால் நிதித்துறைப் பூசல் தீர்வு நிலையத்தை நாடலாம். கிடைத்தால் நல்லது, கிடைக்கும் என்று எண்ணி எதையும் திட்டமிடாதீர்கள்.

இன்னொன்று. 2024ஆம் ஆண்டில் மட்டும் இந்நாட்டில் 51,501 மோசடிச் சம்பவங்களில் 1.1 பில்லியன் வெள்ளி பறிபோனது. அவற்றில் பெரும்பாலானவற்றில் பணத்தை அனுப்பியவர்கள் பாதிக்கப்பட்டவர்களே. படித்தவர்களும் அவர்களில் உண்டு. அப்படியிருக்க, ஆங்கிலம் தெரியாத 67 வயதுப் பெண்மணியிடம் வங்கிச் செயலியுடன் கூடிய திறன்பேசியைக் கொடுத்து வைப்பது வீண் ஆபத்து. பொத்தான் வைத்த பழைய கைத்தொலைபேசி ஒன்றை வாங்கிக் கொடுத்துவிட்டு, வங்கி வேலைகளை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். கசப்பாக இருந்தாலும் இதுவே தீர்வு.

தங்குவிடுதித் தோழன்:

கணக்கர் ஐயாவின் கடைசிப் பத்தியோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஏமாறுவதற்குத் திறன்பேசி தேவையில்லை. பேச்சே போதும்.

நான் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்து இங்கே கட்டுமானத் துறையில் பதினொரு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். எங்கள் அறையில் உள்ள ஒரு தம்பிக்குச் சென்ற ஆண்டு ஓர் அழைப்பு வந்தது. மனிதவள அமைச்சிலிருந்து பேசுவதாகச் சொன்ன ஆள் நல்ல தமிழில், நம்மூர் ஆளைப் போலவே, "தம்பி, எந்த ஊரு?" என்று தொடங்கினார். வேலை அனுமதியில் பிறந்த தேதி தவறாகப் பதிவாகியுள்ளது, இன்று மாலைக்குள் திருத்தாவிட்டால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள், திருத்தக் கட்டணம் 850 வெள்ளி, முதலாளியிடம் சொன்னால் விஷயம் பெரிதாகிவிடும் என்று ஒவ்வொன்றாக இறக்கினார். அந்தத் தம்பி கட்டிவிட்டான். ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற ஒரு சொல்லுக்கு முன்னால், முகவருக்குக் கொடுத்த கடன் இன்னும் தீராதவனுக்கு வேறு எதுவும் காதில் விழாது. அவன் வைத்திருந்தது பழைய பொத்தான் தொலைபேசி. பணத்தைக் கட்டியது கடைத்தொகுதியில் இருந்த பணம் அனுப்பும் கடையில்.

அதற்குப் பிறகு எங்கள் அறையில் ஒரு வழக்கத்தை ஏற்படுத்தினோம். யாருக்கு எந்த அமைச்சின் பெயரில் அழைப்பு வந்தாலும் ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு, "ஐயா, என் அறைத் தோழர்களும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், சொல்லுங்கள்" என்று சொல்ல வேண்டும். இதுவரை நான்கு பேர் அந்த இடத்திலேயே இணைப்பைத் துண்டித்திருக்கிறார்கள். அரசாங்க அதிகாரி எவரும் தொலைபேசியில் பணம் அனுப்பச் சொல்வதில்லை என்பது பலருக்கும் தெரிந்ததுதான். ஆனால் பயம் வந்த நேரத்தில் அது நினைவுக்கு வருவதில்லை. பக்கத்தில் ஒருவர் இருந்தால் வருகிறது. அம்மா பகலில் தனியாக இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் தளத்தில் நம்பிக்கையான அண்டைவீட்டார் யாராவது இருக்கிறார்களா?

தொடர்பில்லாத ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை வாசிக்கும் தம்பிகள் இருக்கலாம். வங்கிக் கணக்கையோ சிங்பாஸ் விவரங்களையோ சில நூறு வெள்ளிக்கு யாரிடமும் இரவல் கொடுக்காதீர்கள். 2024 பிப்ரவரியிலிருந்து சட்டம் இன்னும் கடுமையாகிவிட்டது. அம்மாவின் 4,860 வெள்ளி தாவிப்போன கணக்குகளும் அப்படி யாரோ கொடுத்தவையாகத்தான் இருக்கும்.

தெம்பனிஸ் ஆசிரியை:

நாள்தோறும் வரும் வேண்டாச் செய்திகளைப் பற்றிய கேள்வியை எல்லாரும் கடந்துவிட்டீர்கள். எனக்கு அதில் அனுபவம் அதிகம். என் எண் எப்படியோ பல பட்டியல்களில் ஏறிவிட்டது. போன மாதம் ஒரே நாளில் மூன்று பேர் எனக்கு வேலை கொடுத்தார்கள்.

விற்பனை அழைப்புகளும் செய்திகளும் வேண்டாம் என்போருக்கான அழைக்காதோர் பதிவேடு 2014 ஜனவரி 2 முதல் இருக்கிறது. அதில் எண்ணைப் பதிந்தால் முறையாகத் தொழில் செய்யும் துணைப்பாட நிலையங்களும் காப்புறுதி முகவர்களும் ஓரளவு ஓய்வார்கள். மோசடிக்காரர் பதிவேட்டைப் பார்த்துவிட்டா அழைக்கப் போகிறார்? அவர்களுக்கு வேறு வேலி வேண்டும். அந்த வேலியில் எனக்குப் பயன்பட்டவற்றை மட்டும் சொல்கிறேன். 2020 ஏப்ரல் முதல் வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்புகளுக்கு முன்னால் கூட்டல் குறி தோன்றும்; உள்ளூர் அழைப்புகளுக்குத் தோன்றாது. ஆகவே திரையில் +65 என்று தொடங்கும் அழைப்பு பார்ப்பதற்கு உள்ளூர் எண்ணைப் போல் இருந்தாலும் வெளியிலிருந்து வருவது. ஆங்கிலம் வாசிக்காதவராலும் கூட்டல் குறியை அடையாளம் காண முடியும் என்பதால் என் மாமியாருக்கு நான் கற்றுக்கொடுத்த முதல் பாடம் இதுதான். வெளிநாட்டில் உறவினர் யாரும் அம்மாவைச் சாதாரண அழைப்பில் அழைப்பதில்லை என்றால், தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் சொல்லி வெளிநாட்டு அழைப்புகளையே தடுத்துவிடலாம்.

குறுஞ்செய்திகளில், பதிவு செய்யப்படாத பெயரில் வருபவை 2023 ஜனவரி இறுதியிலிருந்து "லைக்லி ஸ்கேம்" (மோசடியாக இருக்கலாம்) என்ற முத்திரையுடன் வருகின்றன. அரசாங்க அமைப்புகளின் குறுஞ்செய்திகள் 2024 ஜூலை முதல் "கவ்.எஸ்ஜி" என்ற ஒரே பெயரில் வருகின்றன. மோசடிகளைக் கண்டறிய உதவும் அரசாங்கத்தின் ஸ்கேம்ஷீல்டு செயலியையும் போட்டுவிடுங்கள். சந்தேகம் வந்தால் 1799 என்ற எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம்.

என்னுடைய மனக்குறை வேறு. உண்மையானவர்களே மோசடிக்காரர்களைப் போல எழுதினால் நாம் என்ன செய்வது? சென்ற மாதம் ஒரு பொட்டலச் சேவையிலிருந்து, பெயரோ விவரமோ இல்லாமல், ஓர் இணைப்பும் "உடனடியாக உறுதிசெய்க" என்ற வரியும் மட்டும் வந்தன. நான் அழித்துவிட்டேன். அது உண்மையானதாம், என் பொட்டலம் அனுப்பியவருக்கே திரும்பிப் போய்விட்டது. மாமியாருக்குப் பாடம் நடத்திய நானே வகுப்பில் தேறவில்லை. ஒரு பொட்டலம் போனாலும் பரவாயில்லை என்றுதான் இன்னும் இணைப்புகளைத் தொடாமல் இருக்கிறேன்.

கணக்கர் சொன்னபடி கைத்தொலைபேசியைப் பிடுங்கிவிடாதீர்கள். அந்தச் செயலிகளில்தான் அம்மாவின் பேரப்பிள்ளைகளின் படங்களும், கோயில் நேரலையும், ஊரில் உள்ள தங்கையின் முகமும் இருக்கின்றன. வங்கிச் செயலியை மட்டும் எடுத்துவிடுங்கள். வீட்டார் பெயரில் பேசுவோரைச் சோதிக்க, குடும்பத்துக்கு மட்டுமே தெரிந்த கேள்வி ஒன்றையும் அம்மாவே தேர்ந்தெடுக்கட்டும். கேள்வியை நீங்கள் கொடுத்தால் அது உங்கள் பாதுகாப்பு. அவர் தேர்ந்தெடுத்தால் அது அவருடைய அதிகாரம்.

பொங்கோல் கணக்கர்:

ஆசிரியை சொல்வது சரி. பொத்தான் தொலைபேசி யோசனையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். வங்கிக்கு எழுத வேண்டிய கடிதத்தை நீங்கள் வரைந்து இங்கே போட்டால், சொந்த விவரங்களை நீக்கிவிட்டு, திருத்தித் தருகிறேன்.

ஈசூன் மகன்:

அனைவருக்கும் நன்றி. இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன்.

விசாரணை அதிகாரி ஒப்புதல் கொடுத்த பிறகு கைத்தொலைபேசியை முழுவதும் அழித்து மீட்டமைத்தோம். உரையாடலில் வங்கிக்காரி அக்கா சொன்ன பிளே புரொடெக்ட் இருந்தது. "விளையாட்டுப் பாதுகாப்பை முடக்கவும்" என்று மொழிபெயர்த்து அனுப்பியிருந்தார்கள். அம்மா தம் கைத்தொலைபேசியில் விளையாட்டே இல்லையே என்று பதில் எழுதியிருக்கிறார். உடனே அவர்கள் படம் வரைந்து காட்டியிருக்கிறார்கள். மசேநி கணக்கைப் பூட்டியாகிவிட்டது. சேமிப்பிலும் 600 வெள்ளியை மட்டும் வெளியே விட்டிருக்கிறோம். மூன்றாவது தவணையாகப் போன 1,100 வெள்ளி ஒரு கணக்கில் முடக்கப்பட்டிருப்பதாக அதிகாரி சொன்னார். அது எப்போது கிடைக்கும் என்று சொல்லவில்லை. மீதிக்கு வங்கியின் பதிலுக்காகக் காத்திருக்கிறோம். கணக்கர் ஐயா திருத்திய கடிதம்தான் போயிருக்கிறது.

தங்குவிடுதித் தோழர் கேட்ட அண்டைவீட்டார் எதிர்வீட்டு மலாய்ப் பாட்டி. அவரிடம் அம்மா தாமாகவே நடந்ததைச் சொல்லியிருக்கிறார். அந்தப் பாட்டி, தாமும் போன ஆண்டு 300 வெள்ளியை இழந்ததைத் தம் பிள்ளைகளிடம் இன்றுவரை சொல்லவில்லை என்று சொல்லிச் சிரித்தாராம். அன்றிரவுதான் அம்மா பல நாள்களுக்குப் பிறகு ஒழுங்காகச் சாப்பிட்டார்.

கேள்வியையும் அம்மாவே தேர்ந்தெடுத்தார். என் தந்தை பேருந்து ஓட்டுநராக இருந்தவர். அவர் ஓட்டிய பேருந்தின் எண் என்ன என்பதே கேள்வி. நேற்று என் கைத்தொலைபேசியில் மின்கலம் தீர்ந்துவிட்டதால் வேலையிடத்து எண்ணிலிருந்து அழைத்து, இரவு வர நேரமாகும் என்றேன். அம்மா கேள்வியைக் கேட்டார். நான் அப்பா ஓய்வுபெறும்போது ஓட்டிய எண்ணைச் சொன்னேன். அவர் கேட்டது கல்யாணத்தின்போது ஓட்டிய எண்ணையாம். இணைப்பைத் துண்டித்துவிட்டார், மறுபடி அழைத்தும் எடுக்கவில்லை. நான் வீடு சேர்ந்தபோது மணி பதினொன்று, கதவு உட்பக்கம் தாழிடப்பட்டிருந்தது.